தேடப்படும் ஊமை

எட்டுக் குழிக்கும் மருந்து வைத்து, மண் இட்டு இறுக்கி, திரியை வெளியே இழுத்துவிட்டிருந்த நேரத்தில் அந்தப் பச்சை ஜீப் குவாரிச் சரிவில் இறங்கியது. சிவப்புக் கொடியைப் பார்த்தும் நிற்கவில்லை. கொடி பிடித்திருந்த பெரியவர் விசிலை ஊதினார், கையை ஆட்டினார், கடைசியில் ஜீப்பின் மூக்குக்கு நேரே போய் நின்றேவிட்டார். வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பாறை விளிம்பில் இருந்த எனக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நல்ல வார்த்தையாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

தகரக் கொட்டகை ஆபீசிலிருந்து முதலாளி ஓடி வந்தார். ஓடுகிற உடம்பில்லை அவருக்கு. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வாயில் குவித்துக் கத்தினார்.

"யோவ் மருந்துக்காரா! சார் உன்னைத்தான் பார்க்க வந்திருக்கார். இறங்கி வாய்யா!"

"வெடிச்சுட்டு வரேன். அவங்களைக் கொடிக்குப் பின்னால போகச் சொல்லுங்க."

"மிலிட்டரிய்யா!"

"கல்லுக்கு அது தெரியாது முதலாளி."

மருந்து வைத்த குழியை விட்டு, வைத்தவன் நகரக் கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் உடம்பில் இருக்கிறது. ஜீப் முனகிக்கொண்டே பின்னால் போனது. நான் மூன்று முறை விசில் ஊதினேன். திரிகளைப் பற்றவைத்து, ஓடாமல் நடந்து, மறைப்புப் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து விரலை மடக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்றும் நான்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. காதைப் பழக்காதவர்களுக்கு அது ஒரே சத்தமாகக் கேட்கும். ஐந்து, ஆறு, ஏழு. பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் குவாரியில் ஒரு ஆள் மூச்சு விடுவதில்லை. எட்டு.

எட்டு வைத்து ஏழு கேட்டால், மிச்சம் கிடக்கிற ஒன்றுக்கு எங்களிடம் ஒரே பேர்தான். ஊமை. திரி அணைந்து, மருந்து உயிரோடு உள்ளேயே கிடக்கும். ஊமையை நோண்டக் கூடாது, இடிக்கக் கூடாது. அடையாளம் வைத்துவிட்டு, பக்கத்தில் தள்ளி வேறொரு குழி போட்டு, அந்த வெடியில் இதையும் சேர்த்து எழுப்ப வேண்டும். எழுப்புகிற வரை அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடாது. என் மாமனார் ஒரு ஊமையில்தான் போனார். முந்தின நாள் சத்தத்தை யாரும் எண்ணவில்லை. காலையில் போய் அதே இடத்தில் துளை போட்டார். அப்போது அவருடைய மகளைக் கட்டி எனக்கு ஒரு வருஷம். அவர் மகனுக்குப் பத்து வயசு. அதற்குப் பிறகு அந்தப் பயல் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும், மத்தியான வெடிச் சத்தத்தை விரல் மடக்கி எண்ணுவான். சாயங்காலம் வந்து, "மாமா, இன்னைக்கு ஆறுதானே?" என்பான். ஒரு நாளும் தப்பினதில்லை. குவாரியில் அவனுக்குக் காது என்றே பேர் விழுந்தது. பட்டாளத்தில் சேர்ந்தபோது அவர்களும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் போல. துப்பாக்கியைக் கொடுத்தது கொஞ்ச நாள்தான். பிறகு காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்து, மலைப்பக்கத்து ஜனங்கள் போனில் பேசுவதை ஒட்டுக் கேட்டு எழுதுகிற வேலையில் உட்கார வைத்தார்கள்.

அவனுக்காகத்தான் அந்த ஜீப் வந்திருந்தது.

போன வருஷக் கடைசியில் நடந்தது இது. எல்லைப்பக்கத்து மலை ஒன்றில் ரோடு போடக் கல் உடைத்துக்கொண்டிருந்த ஒருவர், மறுபக்கத்தில் இருந்த தன் தம்பியோடு போனில் பேசியிருக்கிறார். "நேத்து ஒரு ஊமை நின்னு போச்சு. முதல்ல அவனை எழுப்பணும். மருந்து வந்துருச்சு. மொத்தம் பத்துக் குழி. காலையில ஏழு மணிக்கு மேல ரோட்டுல ஒருத்தரும் வரக் கூடாது, சொல்லிரு." அவ்வளவுதான். எங்கள் குவாரியில் எந்த நாளும் பத்துத் தடவை காதில் விழுகிற பேச்சு. அதை ஒட்டுக் கேட்டு எழுதியவன் என் மச்சினன். மேலே இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது. விடியற்காலையில் போய் ஒன்பது பேரைச் சுட்டார்கள். அதில் இரண்டு பேர் கல் சுமக்கிற பெண்கள். ஒன்பது பயங்கரவாதிகள் ஒழிந்தார்கள், வெடிபொருள் பிடிபட்டது, 'ஊமை' என்ற பெயருடைய தலைவன் தப்பிவிட்டான் என்று மறுநாள் செய்தியில் வந்தது. ஊமையின் தலைக்கு விலைகூட வைத்தார்கள். அந்தச் செய்தியை நான் டீக்கடையில் கேட்டேன். ஊமை என்ற சொல் காதில் பட்டபோது ஒரு நொடி கை நின்றது, பிறகு டீயைக் குடித்தேன். எவனோ எங்கேயோ என்று இருந்துவிட்டேன். ஒரு குவாரிக்காரனாக எனக்கே உறைக்கவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சிறையில் மச்சினனைப் பார்க்கப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். அவள் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பேசவில்லை. அவன் என்னிடம்தான் பேசினான்.

"கேட்டதும் சொல்லிட்டேன் மாமா. ஐயா, இது குவாரிப் பேச்சு, ஊமைன்னா வெடிக்காத குழின்னு. எங்கப்பா அதுலதான் போனாருன்னும் சொன்னேன். 'உன்னைக் கேட்கத்தான் வெச்சிருக்கு, அர்த்தம் சொல்றதுக்கு இல்ல'ன்னாங்க. எழுதியும் கொடுத்தேன். வாங்கி வெச்சுக்கிட்டாங்க. விடிஞ்சதும் சுட்டுட்டாங்க."

"சரிடா, நடந்தது நடந்துபோச்சு. அதோட வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டது நான்தான்.

"இருந்திருப்பேன் மாமா. பயந்துதான் கிடந்தேன். செத்தவங்க செத்தாச்சு, இனி நான் பேசி யாரு எழுந்து வரப் போறாங்கன்னு. மறுபடி ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன், அதையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஊமையைத் தேட ஆரம்பிச்சாங்க."

தேடினார்கள், கண்டும் பிடித்தார்கள். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற ஒருவர். பிறவி ஊமை. ஊரில் விசாரித்தபோது, இங்கே ஊமை யார் என்றதும், ஜனங்கள் அவரைத்தான் கை காட்டியிருக்கிறார்கள். வேறு யாரைக் காட்டுவார்கள்? முகாமுக்குக் கொண்டுவந்து பதினோரு நாள் வைத்திருந்தார்கள். பேசச் சொல்லி.

"பக்கத்து அறையில நான் இருந்தேன் மாமா. கேட்கிறதுதானே என் வேலை. பதினோரு நாளும் கேட்டேன்." அவன் கண்ணாடியில் விரலை வைத்து ஏதோ கோடு போட்டான். "ஊமைக்கும் சத்தம் உண்டு மாமா."

பன்னிரண்டாம் நாள் அந்தப் பேச்சின் பதிவையும், தான் எழுதிக் கொடுத்த இரண்டு தாளின் நகலையும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டான். செய்தி வந்த மறுநாளே ஆட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். அதற்கு மறுநாள் அவனைப் பிடித்தார்கள்.

அந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுக் கதவு பட்ட பாடு சொல்லி மாளாது. முதலில் ஒரு கூட்டம் வந்து மாலை போட்ட அவன் படத்தை வாசலில் வைத்துப் பேசியது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன்டா மாலை என்று கேட்டதற்கு, தியாகிக்கு மரியாதை என்றான் ஒருவன். என் மனைவியை அழச் சொல்லிப் படம் எடுக்கப் பார்த்தார்கள். அவள் துடைப்பத்தை எடுத்ததும்தான் போனார்கள். இரண்டு நாள் கழித்து வந்தவர்கள் கதவில் தாரால் துரோகி என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதிலும் ஒரு எழுத்துப் பிழை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தார் போனது, பெயின்ட்டும் போனது. மாலை கொண்டுவந்தவனும் சரி, தார் கொண்டுவந்தவனும் சரி, செத்துப்போன ஒன்பது பேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் அந்த வாரத்தில் எனக்கு நெஞ்சில் தைத்த பேச்சு வேறொருவருடையது. எங்கள் கிரஷர்காரர். கல்லை ஜல்லியாக அரைக்கிற எந்திரத்தை ஓட்டுகிறவர். பதினைந்து வருஷமாக ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவர் மகனும் அதே முகாமில்தான் சிப்பாய். காவல் வேலை. செய்தி வெளியானதும் மலை ஜனங்கள் திரண்டு வந்து முகாமை வளைத்துக் கல்லெறிந்தார்கள். வாசலில் நின்ற அந்தப் பையனுக்கு இடது கண் போய்விட்டது. அவன் யாரையும் சுட்டவனில்லை, யாரையும் அடித்தவனில்லை. வாசலில் நின்றான், அவ்வளவுதான். கிரஷர்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"உன் மச்சினன் ரெண்டு தாளைக் கொடுத்தான். என் மகன் கண்ணைக் கொடுத்தான். இப்போ சொல்லுய்யா, யாரு பெருசாக் கொடுத்தது?"

அன்றிலிருந்து நான்கு மாசமாக அவர் தனியாகச் சாப்பிட்டார்.

புகை அடங்கி, குழிகளைப் பார்த்துவிட்டு நான் ஆபீசுக்குப் போனபோது அதிகாரி முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம். அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு இளம் சிப்பாய். முதலாளி தன் ஆபீசிலேயே நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன்," என்றார் அதிகாரி. "உங்க மச்சினன் வழக்கு விஷயம். கோர்ட்ல ஒரு சின்ன விளக்கம் கேட்டிருக்காங்க."

என்ன விளக்கம் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அவனுக்காக வாதாடுகிற வக்கீலம்மா சொல்லியிருந்தார். அவன் மேல் இரண்டு குற்றச்சாட்டு. ரகசியத்தை வெளியே கொடுத்தது ஒன்று. அதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், இரண்டு மூன்று வருஷம் வரும், அனுபவித்துத்தான் ஆக வேண்டும். எதிரிக்கு உதவி செய்தான் என்பது இரண்டாவது. அது ஆயுசுக்கும். அந்தப் பேச்சு நிஜமாகவே வெடிகுண்டுக்காரன் பேச்சு என்றால் இரண்டாவது நிற்கும். வெறும் கல்லுடைக்கிறவன் பேச்சு என்றால் விழுந்துவிடும். அதைச் சொல்ல, தொழில் தெரிந்தவர்கள் சாட்சி வேண்டும். என் மச்சினனின் மிச்ச ஆயுசு மூன்று வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்து, குழி, ஊமை.

அதிகாரி ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். சுத்தமாக டைப் அடித்திருந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். நிதானமாகப் படித்தேன். 'மருந்து, குழி, ஊமை முதலிய சொற்கள் மேற்படி ஒலிப்பதிவில் காணும் பொருளில் கல்குவாரித் தொழிலில் வழக்கத்தில் இல்லை என்று என் பதினெட்டு ஆண்டு அனுபவத்தின் பேரில் உறுதி கூறுகிறேன்.' கீழே என் பேர். அதன் மேல் கையெழுத்துக்குப் புள்ளிக் கோடு.

"விளக்கம் கேட்க வந்தீங்களா, கொடுக்க வந்தீங்களா சார்?"

"புரியல."

"கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. கையெழுத்து மட்டும் நானா?"

"உங்க வசதிக்காகத் தயார் பண்ணினது. படிச்சுப் பார்த்து, சரின்னு பட்டா போடுங்க."

"சரியில்ல."

முதலாளி ஒரு அடி முன்னால் வந்தார். "யோவ் மருந்துக்காரா, அவசரப்படாதய்யா. நல்லா யோசிச்சு..." சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போல.

கணினிச் சிப்பாய் தலையைக் குனிந்துகொண்டான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்குகிறான் என்று தெரிந்தது.

"சார், நீங்க வந்ததுல இருந்து இவங்க என்னை என்னன்னு கூப்பிட்டாங்க?" என்றேன்.

"அது பட்டப்பேர். அதுக்கும் இதுக்கும்..."

"பட்டப்பேர் சும்மா வருமா சார்? நான் என்ன காய்ச்சலுக்கா மருந்து கொடுக்கிறேன்?"

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேனாவை மேஜைமேல் நேராக வைத்துவிட்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பேசினார்.

"நான் ஒண்ணு கேட்கிறேன். நீங்க இங்க விசில் ஊதினா எல்லாரும் ஒதுங்குறாங்க. ஏன்? உங்க பேச்சுக்கு அடங்கி நடந்தாத்தான் உயிர் தப்பும்னு. ஆளாளுக்குத் தனக்குச் சரின்னு பட்டப்போ திரியைக் கொளுத்தினா என்ன ஆகும்? ராணுவமும் அதுதான். உங்க மச்சினன் சத்தியம் பண்ணிட்டுத்தான் யூனிஃபார்ம் போட்டார். அவர் கொடுத்த பதிவால, நாங்க எங்கெங்க கேட்கிறோம்னு எதிரிக்குத் தெரிஞ்சு போச்சு. அதனால இன்னும் எத்தனை பேர் சாவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதுதான் பயம்."

அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரிகளில் நானே என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்விதான். ஒரு கண் போன பையனின் முகம் வேறு வந்து நிற்கும். ஆனால் நான் பதினெட்டு வருஷமாக விசில் ஊதுகிறவன். விசிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"நீங்க சொல்றது வாஸ்தவம் சார். இங்க என் பேச்சுதான். ஆனா நான் திரியைக் கொளுத்தப் போகும்போது, 'உள்ளே ஆள் இருக்கு'ன்னு கொடி பிடிக்கிறவர் கத்தினார்னு வைங்க, நான் கொளுத்த மாட்டேன். அவர் பொய் சொல்றாரோ, கனவு கண்டாரோ, எதுவா இருந்தாலும் கொளுத்த மாட்டேன். போய்ப் பார்ப்பேன். இவன் கத்தினான் சார். கொளுத்தறதுக்கு முன்னாடியே கத்தினான், தாள்ல எழுதிக் கத்தினான். நீங்க கொளுத்திட்டீங்க. கொளுத்தினவனுக்குப் பதவி உசந்துச்சுன்னு பேப்பர்ல பார்த்தேன். கத்தினவன் உள்ளே இருக்கான். எங்க குவாரியில கூட இந்த அக்கிரமம் கிடையாது. இங்க மனுஷனுக்கு மதிப்பே இல்லைன்னு சொல்லுவாங்க. இங்க கூட கிடையாது."

என் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே ஜல்லி தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். என் மனைவி அவர்களில் ஒருத்தி. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். கல்தூசி புருவத்திலெல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது. அதிகாரி எழுந்து அவளுக்கு நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

"உங்க உரிமம் அடுத்த மாசம் புதுப்பிக்கணும் போலிருக்கே," என்றார் அதிகாரி என்னிடம், தாளைப் பார்த்தபடி. "வெடிமருந்து உரிமம். முதலாளி சொன்னார்."

முதலாளி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். உரிமம் இல்லையென்றால் வெடி இல்லை. வெடி இல்லையென்றால் கிரஷர் இல்லை, லாரி இல்லை, அறுபது வீட்டில் அடுப்பு இல்லை. அதை எனக்கு யாரும் கூட்டிக் கழித்துக் காட்ட வேண்டியதில்லை. தாளை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் பேசினாள். சிறையில் கண்ணாடிக்கு முன்னால்கூடப் பேசாதவள்.

"பதினோரு நாள் ஒரு ஊமையைப் பேசு பேசுன்னு அடிச்சீங்க. இப்போ பேசத் தெரிஞ்சவரைப் பிடிச்சுப் பேசாதேங்கிறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அம்மா, நான் யாரையும் அடிக்கல."

"நீங்க அடிக்கல. நீங்க தாள் கொண்டு வந்திருக்கீங்க."

நான் பேனாவை எடுத்து, தாளைத் திருப்பி, அதன் வெள்ளை முதுகில் எழுத ஆரம்பித்தேன். மருந்து என்றால் என்ன, குழி என்றால் என்ன, ஊமை என்றால் என்ன, ஊமையை எப்படி எழுப்புவது, எழுப்புகிற வரை ரோட்டில் ஏன் ஆள் வரக் கூடாது. எழுத்து கோணல்மாணலாக வந்தது. பேனா பிடித்துப் பழக்கம் விட்டுப்போன கை. கடைசியில் என் மாமனார் செத்த விதத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு மடித்து உறையில் வைத்தார்.

"இதையும் சேர்த்துக்கிறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நீங்க அவர் அக்கா புருஷன். சொந்தக்காரங்க சொல்றதுக்கு அங்க பெருசா மதிப்பு கிடையாது. சம்பந்தமில்லாத ஒருத்தர் சொல்லணும்." முதலாளி பக்கம் திரும்பினார். "தொழில் தெரிஞ்ச வேற ஆள் யாராவது?"

முதலாளி யோசிக்கக்கூட இல்லை. "கிரஷர்காரர் இருக்கார் சார். முப்பது வருஷ சர்வீஸ். அவர் மகனும் பட்டாளம்தான். அங்கதான் கண்ணு போச்சு. நாட்டுப்பற்று உள்ள மனுஷன். அவர் சரியாச் சொல்லுவார்."

சரியா என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். அறுபது பேர் வேலை செய்கிற குவாரியில், தேடிப் பிடித்து அந்த ஒரு ஆளை. அந்த மகன் இழந்த கண்ணையும் இவர்கள் ஒரு ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய் கணினியில் புதுத் தாள் ஒன்றைத் தட்டினான். முன்னது போலவேதான், பேரையும் வருஷத்தையும் மட்டும் மாற்றினான். கையடக்கமாக ஒரு அச்சு எந்திரம் வைத்திருந்தார்கள். அது தாளை நாக்கு மாதிரி வெளியே நீட்டியது.

எங்களை வெளியே போகச் சொன்னார்கள். ஆள் போய்ச் சொன்னதும் கிரஷர் நின்றது. நாளெல்லாம் அரைத்துக்கொண்டே இருக்கிற எந்திரம் பகலில் நின்றால், காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். தூசிக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். முகத்தில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் இருக்காது. ஜீப் வந்தபோதே குவாரி முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? எங்களுக்காகப் பேசு என்றா? என்ன முகத்தை வைத்துக்கொண்டு? மூடிக்கொண்டேன். அவர் எங்களைத் தாண்டும்போது என் மனைவிதான் குறுக்கே போனாள். கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கெஞ்சவில்லை.

"பையன் எப்படி இருக்கான்ணே?"

அவர் நின்றார். அவளைப் பார்க்காமல், ஜல்லிக் குவியலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இருக்கான். நடக்கிறது, படிக்கிறது எல்லாம் பழகிட்டான். கிளாஸ்ல தண்ணி ஊத்தினாத்தான் வெளியே கொட்டுது. ஒத்தைக் கண்ணுல தூரம் தெரியாதாம். அவங்கம்மா பார்க்காத மாதிரி எழுந்து போயிடுறா."

"அவன் என்ன சொல்றான்ணே? என் தம்பியைப் பத்தி?"

கிரஷர்காரர் கழுத்துத் துணியை இழுத்து வாயைத் துடைத்தார். "அவனும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கான். வாசல்லதானே நின்னான், பதினோரு நாளும்." பிறகு குரல் மாறியது. "அதுக்காக? ஊரறியப் போட்டு உடைக்கணுமா? உள்ளுக்குள்ளேயே பெரிய ஆளுங்ககிட்டப் போய் நிக்கறது. உன் தம்பிக்கு வேற வழியே இல்லையா?"

"ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தான்ணே."

"மூணாவது தடவை கொடுக்கறது!" என்று கத்தினார். "நாலாவது தடவை கொடுக்கறது! என் மகன் நின்ன வாசல்ம்மா அது!"

அவள் விலகி வழி விட்டாள். அவர் உள்ளே போனார்.

ஆபீஸ் கொட்டகைக்குக் கதவு என்று ஒன்று பேருக்குத்தான். ஜன்னலுக்குக் கம்பி மட்டும். வேலையை விட்டுவிட்டு ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து மரத்தடியில் கூடினார்கள். யாரும் கிட்டே போகவில்லை, யாரும் திரும்பிப் போகவும் இல்லை. உள்ளே அதிகாரி எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். மகனைப் பற்றி ஏதோ சொன்னார். தோளைத் தொட்டார். எனக்குக் கொடுக்காத தண்ணீரை அவருக்குக் கொடுத்தார். அவர் கிளாஸை வாங்கி, குடிக்காமல் அப்படியே மேஜையில் வைத்தார். தாளை அவர் முன்னால் நகர்த்தினார்கள். பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தார்கள்.

கிரஷர்காரர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதுவும் வாய்விட்டு. பேனாவைத் தொடாமல், ஆள்காட்டி விரலை முதல் வரியில் ஊன்றினார். அந்த விரல் தடித்து, நகம் வெடித்து, கல்லின் நிறத்தில் இருந்தது. அது நகர்ந்த இடமெல்லாம் வெள்ளைத் தாளில் தூசிக் கோடு விழுந்தது. உதடுகள் அசைந்தன. முதலாளி அவர் தோளுக்கு மேல் குனிந்து, நான் படிச்சுச் சொல்றேன் என்பது போல் கை நீட்டினார். அவர் அந்தக் கையை முழங்கையால் ஒதுக்கிவிட்டார். முதல் வரி முடிந்து இரண்டாவது வரிக்கு விரல் இறங்கியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் மனைவி ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. கிரஷர்காரர் குரலுக்குத்தான் காதைக் கொடுத்திருந்தாள்.

"ஊ," என்று படித்தார் அவர். விரல் நின்றது. "ஊ... மை."

அடுத்த சொல்லுக்கு விரல் போகவில்லை. அந்த இடத்திலேயே, எழுத்தை மூடிக்கொண்டு, கனமாக அமர்ந்திருந்தது.